பசி மாத்திரை பிடிக்கவில்லை என்றால் மூன்றாகப் போடலாமா?

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 38 வயது. வேளச்சேரியில் குடியிருக்கிறேன், ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. உயரம் 158 செ.மீ. தை மாதம் எடை 78 கிலோ இருந்தேன். ஜிம்மில் பழக்கமான ஒருவர் பசியை அடக்க ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார். 'முழுக்க மூலிகை, குடம்புளியும் க்ரீன் காபியும்தான்' என்றார். காலையில் ஒன்று போட்டால் போதும், பசி என்பதே மறந்துபோனது. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன், மதியம் ஒரு கிண்ணம் தயிர்சாதம். இரண்டு மாதத்தில் ஆறரை கிலோ இறங்கியது. மூன்றாவது மாதம் புது டப்பா வாங்கிய கொஞ்ச நாளில் பசி திரும்பிவிட்டது. அதுவும் சாயங்காலம் வெறி பிடித்த மாதிரி. கொடுத்தவரைக் கேட்டால், 'மருந்துக்கு உடம்பு பழகிவிட்டது, டாலரன்ஸ் வந்துவிட்டது, இரண்டாகப் போடுங்கள்' என்றார். போட்டேன். பத்து நாள் கேட்டது. இப்போது இரண்டுக்கும் அசையவில்லை, ஒன்றரை கிலோ ஏறியும் விட்டது. தூக்கம் இல்லை, வாய் உலர்கிறது, மலச்சிக்கல், படியேறினால் படபடப்பு. மூன்றாகப் போடலாமா? அல்லது இரண்டு வாரம் விட்டுவிட்டுத் தொடங்கினால் மறுபடி பிடிக்குமா? இல்லை, எல்லோரும் பேசும் அந்த எடைக்குறைப்பு ஊசிக்கு மாறலாமா? தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன். விருதுநகரில் இருக்கும் அம்மா, கள்ளிமுளையான் என்ற செடியைத் துவையல் அரைத்துச் சாப்பிடு என்கிறார்.

பின்குறிப்பு: என் நாத்தனாரும் இந்தக் கேப்ஸ்யூலைக் கேட்கிறார். அவருக்கு பிரஷர் உண்டு. கொடுக்கலாமா?

வாசகி, வேளச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று வேண்டாம். இரண்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இதை வாசிக்கும் இன்றோடு அந்தக் கேப்ஸ்யூலை நிறுத்திவிடுங்கள். காரணத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். ஆனால் அது புரிந்த பிறகுதான் நிறுத்த வேண்டும் என்றில்லை.

நாளையோ மறுநாளோ வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஈசிஜி எடுங்கள். தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். எடை இறங்கும்போது தைராய்டு மாத்திரையின் பழைய அளவே சிலருக்குக் கூடுதலாகிவிடும், அதனாலும் படபடக்கலாம். கேப்ஸ்யூல் டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இதற்கிடையில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது என்று எது வந்தாலும் ஆட்டோ தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 108-க்கு அழையுங்கள்.

சரி, இனி கேள்விக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் இடறியது டாலரன்ஸ் அல்ல, 'முழுக்க மூலிகை' என்பதுதான். கன்னியாகுமரிப் பக்கம் மீன் குழம்புக்குக் குடம்புளி போடுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குடம்புளியில் உள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தை அமெரிக்காவில் 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் எடையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்ட சரக்கு இரண்டு மாதம் உங்கள் பசியை மறக்கடித்தது என்றால் நான் நம்பமாட்டேன்.

வாய் உலர்வது, மலச்சிக்கல், தூக்கமின்மை, படபடப்பு. நீங்கள் எழுதிய இந்த நான்கையும் வரிசையாகப் படித்தவுடன் எங்கள் துறையில் உள்ள யாருக்கும் நினைவுக்கு வரும் பெயர் சிபுட்ரமின். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பசியடக்கி அது. இதய நோயோ சர்க்கரையோ உள்ள ஏறத்தாழ 10,000 பேரிடம் அதை நீண்டகாலம் கொடுத்துப் பார்த்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் மருந்து எடுத்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கும் வந்தன. 2010-இல் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்றது. 2011 பிப்ரவரியில் இந்தியாவிலும் தடை வந்தது. தடை வந்த பிறகு அது மறைந்துவிடவில்லை, வேஷம் மாற்றிக்கொண்டது. 'ஹெர்பல்' என்று அச்சிட்ட எடைக்குறைப்புப் பொடிகளிலும் கேப்ஸ்யூல்களிலும் காபித் தூள்களிலும் இதே சிபுட்ரமின் ஒளிந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆண்டுக்காண்டு கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது.

உங்கள் டப்பாவில் இருப்பது அதுதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. ஃபென்டர்மின் என்ற பழைய பசியடக்கியின் வகையாக இருக்கலாம், அளவு மீறிய காஃபீனாக இருக்கலாம், எல்லாம் கலந்த கதம்பமாகவும் இருக்கலாம். ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே ஒரு விஷயத்தை நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 'புது டப்பா வாங்கிய கொஞ்ச நாளில்' பசி திரும்பியது. மருந்துக் கம்பெனியில் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரே அளவு மருந்து விழுகிறதா என்று சோதித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். எங்கோ ஒரு அறையில் வாளியில் கலக்கிக் கேப்ஸ்யூலில் அடைக்கும்போது ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் சம்பந்தமே இருக்காது. உங்கள் உடம்பு பழகிவிட்டதா, டப்பா மாறிவிட்டதா? இந்தக் கேள்விக்கே பதில் தெரியாதபோது எண்ணிக்கையைக் கூட்டுவது இருட்டில் படி இறங்குகிற காரியம். அடுத்த டப்பாவில் அளவு கூடுதலாக விழுந்திருந்தால் நீங்கள் போடும் மூன்று உண்மையில் ஆறாக இருக்கும்.

கொடுத்தவர் சொன்ன டாலரன்ஸ் பொய் இல்லை. அப்படி ஒன்று உண்டு. உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. கல்லூரி நாளில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்தால் விடிய விடியப் படிக்க முடிந்தது. இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறோம். நான் நாளுக்கு மூன்று டம்ளர் ஆசாமி. மூன்றாவது எதற்காக என்று மனைவி கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. மருந்து அதே மருந்து, அதை வரவேற்கும் மூளை மாறிவிட்டது. மூக்கடைப்புக்குப் போடும் சொட்டு மருந்தும் இப்படித்தான். ஐந்தாறு நாளைக்கு மேல் போட்டால் வேலை செய்வது நின்றுபோவது மட்டுமில்லை, விட்டால் முன்பைவிட அதிகமாக அடைக்கும்.

பசி மருந்தில் இது எப்படி நடக்கிறது? ஃபென்டர்மின் வகை மருந்துகள் நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளுகின்றன. ஆபத்து வந்தால் ஓடத் தயாராகும் உடம்பின் ரசாயனம் அது. புலி துரத்தும்போது யாருக்குப் பசிக்கும்? மூளை அப்படி ஏமாந்து பசியை ஒத்திப்போடுகிறது. ஆனால் சேமிப்பு என்பது மாடித் தொட்டித் தண்ணீர் மாதிரி. 2019 கோடையைச் சென்னையில் கழித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் இன்னொரு குழாயைத் திறந்து பயனில்லை. இரண்டாவது கேப்ஸ்யூல் அந்த இன்னொரு குழாய். இது ஒரு பக்கம். மறுபக்கம், அந்த ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் குறைந்துவிடும். வாசல் மணி ஓயாமல் அடித்தால் வீட்டுக்காரர் மணியைக் கழற்றி வைத்துவிடுவார் இல்லையா, அது போல.

மருத்துவத்துக்கு இது புதிய செய்தி அல்ல. ஃபென்டர்மினுக்கு அமெரிக்காவில் 1959-இல் அனுமதி கிடைத்தது, அதுவும் சில வாரப் பயன்பாட்டுக்கு மட்டும். அதன் அதிகாரபூர்வத் தகவல் தாளிலேயே ஒரு குறிப்பு உண்டு: பசியடக்கும் குணம் பழகிப்போனால் விளைவைக் கூட்டுவதற்காக அளவைக் கூட்டாதே, மருந்தை நிறுத்து. உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை இதற்கு நேர்த் தலைகீழ்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, பலர் கவனிக்காமல் விடுவது. உடம்பு எல்லா விளைவுக்கும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. பசியை அடக்கும் குணத்துக்கு மூளை சில வாரங்களில் பழகிவிடலாம். இதயமும் ரத்தக்குழாயும் அதே வேகத்தில் பழகிக்கொள்ளும் என்று யாரும் உறுதி தர முடியாது. சிபுட்ரமினில் நாடித்துடிப்பு உயர்ந்தது மாதக்கணக்கில் அப்படியேதான் இருந்தது. ஆக, நீங்கள் இரண்டாவது கேப்ஸ்யூலைப் போட்டபோது வயிற்றுக்குக் கிடைத்தது பத்து நாள். இதயத்துக்குப் போனது முழுசாக இரண்டு மடங்கு. மூன்று போட்டால் வயிற்றுக்கு ஒருவேளை நாலு நாள் கிடைக்கும்.

அடுத்தது, பசி திரும்பி வந்ததற்கு டாலரன்ஸ் மட்டும்தான் காரணமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருந்து கொஞ்சமும் பழகாமல் இருந்திருந்தாலும் மூன்றாம் மாதம் உங்களுக்குப் பசி ஏறியிருக்கும். ஆறரை கிலோ இறங்கியதை நீங்கள் வெற்றி என்று கொண்டாடினீர்கள். உங்கள் உடம்பு அதைப் பஞ்சம் என்று படித்துக்கொண்டது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், 'போதும்' என்று மூளைக்குச் சொல்வது அதுதான். வயிற்றிலிருந்து சுரக்கும் கிரெலின் கூடும், அது 'கொண்டா' என்று கேட்கும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் எடை குறைத்த 50 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. எடை இறங்கி ஓராண்டு கழிந்த பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதற்கு ஓர் எண்ணே கொடுத்திருக்கிறார். குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் நாள் ஒன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குப் பசி கூடுகிறதாம். உடம்பு செலவழிப்பது ஒரு 20, 30 கலோரி குறைகிறதாம். உங்கள் ஆறரை கிலோவுக்குக் கணக்குப் போட்டால் தினமும் 650 கலோரிக்குப் பசி கூடுதல், ஏறக்குறைய இரண்டு மசால் தோசை. நீங்கள் சாயங்காலம் 'வெறி பிடித்த மாதிரி' என்று எழுதினீர்களே, அது வெறியும் இல்லை, மனக்கட்டுப்பாடு இல்லாமையும் இல்லை. காலையில் ஒன்றுமில்லை, மதியம் ஒரு கிண்ணம் தயிர்சாதம். சாயங்காலம் ஆறு மணிக்கு எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில் பஸ் நிற்கும்போது பஜ்ஜி வாசனை வந்தால் உங்கள் மூளை என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

தூக்கத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். 2004-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு: ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது, பசி 24 சதவீதம் ஏறியது. உங்கள் கேப்ஸ்யூல் தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட தூக்கம் பசியைக் கூட்டுகிறது. கூடிய பசிக்கு இன்னொரு கேப்ஸ்யூல் போடுகிறீர்கள். நாய் தன் வாலைத் துரத்துகிற கதைதான்.

இரண்டு வாரம் விட்டுப் பிடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. இதை மருத்துவர்களே ஒரு காலத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 108 பெண்களை வைத்து 36 வாரம் நடந்து, 1968-இல் வெளியான ஆய்வு. ஒரு குழுவுக்கு ஃபென்டர்மின் விடாமல் தினமும். இன்னொரு குழுவுக்கு நாலு வாரம் மருந்து, நாலு வாரம் வெற்று மாத்திரை என்று மாறி மாறி. கடைசியில் முதல் குழு சராசரியாக 12.2 கிலோவும் இரண்டாவது குழு 13 கிலோவும் குறைந்திருந்தார்கள். பாதி மருந்துக்கு அதே பலன். இடையில் பத்தில் நாலு பேர் போல விலகிப் போனார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ விட்டுவிட்டுப் போடலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே கொடுத்தது பெயரும் அளவும் தெரிந்த மருந்து. உணவுக் கட்டுப்பாடு கூடவே இருந்தது, கண்காணிக்க மருத்துவர் இருந்தார். நீங்கள் நினைப்பதோ, இரண்டு வாரம் விட்டால் உடம்பு மறந்துவிடும், முதல் மாதத்து மாயம் மறுபடி நடக்கும் என்று. ஏற்பிகள் ஓரளவு பழைய நிலைக்கு வரலாம்தான், ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அடங்கிக் கிடந்த பசியும் சேர்ந்தே வரும். பெயர் தெரியாத ஒன்றை எத்தனை நாள் இடைவெளி விட்டுப் போட்டாலும் அது பெயர் தெரியாததுதான்.

ஊசி விஷயம் வேறு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2025 மார்ச்சில் டிர்செபடைடும் ஜூனில் எடைக்கான செமாக்ளூடைடும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. மவுன்ஜாரோ, வெகோவி என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். என் கிளினிக்கில் அன்றிலிருந்து இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. இவை மூளையைப் பயமுறுத்திப் பசியை ஒத்திப்போடுகிறவை அல்ல. சாப்பிட்ட பிறகு நம் குடலே அனுப்பும் 'வயிறு நிறைந்தது' என்ற ஹார்மோன் செய்தியை நகலெடுத்து, பல நாள் நிலைக்கும்படி செய்தவை. செமாக்ளூடைடை 1,961 பேரிடம் 68 வாரம் பார்த்த ஆய்வில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. வெற்று ஊசிக்கு 2.4 சதவீதம்.

இவற்றுக்கு உடம்பு பழகாதா? பழகும், ஆனால் வேடிக்கையாக. இரைப்பை மெதுவாகக் காலியாவது என்ற குணம் சில வாரங்களில் மங்கிவிடுகிறது. குமட்டலும் பலருக்கு அதேபோல் குறைகிறது. மூளையில் பசியை அடக்கும் குணம் மட்டும் நிலைத்து நிற்கிறது. அதாவது நமக்கு வேண்டாததற்கு டாலரன்ஸ், வேண்டியதற்கு இல்லை. இந்த ஊசியிலும் மாதா மாதம் அளவைக் கூட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். அது பசி திரும்பியதால் கூட்டுவது அல்ல. குமட்டலுக்கு உடம்பு பழகட்டும் என்று சிறிய அளவில் தொடங்கி, ஏற்கெனவே எழுதிவைத்த படிகளில் ஏறுவது. அந்தப் படிக்கட்டுக்கு ஒரு மேல்படி உண்டு, அதோடு நின்றுவிடும். எடையும் ஓராண்டு கடந்த வாக்கில் ஓரிடத்தில் நிற்கும். அது மருந்து தோற்றதல்ல. மேலே சொன்ன உடம்பின் எதிர்ப்பும் மருந்தும் ஒரு சமநிலைக்கு வந்துவிட்டன. மருந்து இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது என்பது நிறுத்தினால் தெரியும்: மேற்சொன்ன ஆய்வில் நிறுத்தியவர்கள் ஒரே ஆண்டில் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

அதனால் ஊசிக்குப் போகிறவர் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று யோசித்தால் போதாது, ஆண்டுக்கணக்கில் யோசிக்க வேண்டும். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு உங்களுக்குத் தையில் 31, இப்போது 29 சொச்சம். நீங்கள் இதற்குப் பொருத்தமானவரா என்பதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் முடிவு செய்யட்டும். கணையத்தில் அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பைக் கல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்ததா, குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்பார். உங்களுக்கு இருக்கும் தைராய்டு குறைபாடு வேறு, அந்தப் புற்றுநோய் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கேப்ஸ்யூலை நிறுத்தி, இதயமும் அழுத்தமும் சீராக இருக்கின்றன என்று தெரிந்த பிறகு பேச வேண்டிய பேச்சு இது. அப்புறம், ஜிம்மிலும் பியூட்டி பார்லரிலும் இந்த ஊசியையும் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று காதில் விழுகிறது. அதே ஆள் அடுத்த முறை ஊசியோடு வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

நிறுத்திய பிறகு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்துபோய் டப்பாவைத் திறந்துவிடுவீர்கள். முதல் ஒரு வாரம், பத்து நாள் உடம்பு சோர்ந்து கிடக்கும், பகலில் தூக்கம் வரும், மனம் சிடுசிடுக்கும், பசி எகிறும். எடை இயந்திரத்தில் ஒன்று இரண்டு கிலோ சட்டென்று ஏறும். அதில் பெரும்பகுதி தண்ணீரும் தசையில் மறுபடி சேரும் மாவுச்சத்தும்தான், கொழுப்பு அல்ல. ஒரு மாதம் எடை இயந்திரத்தைப் பரண்மேல் போடச் சொல்வேன். நீங்கள் கேட்கமாட்டீர்கள், வாரம் ஒருமுறையாவது வைத்துக்கொள்ளுங்கள். சோர்வு மனச்சோர்வாக மாறினாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்தப் பசியோடு சண்டை போடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். இரண்டு மாதம் தயிர்சாதத்தில் ஓட்டியதில் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும். ஆகவே புரதம். காலையில் இரண்டு இட்லியோடு இரண்டு முட்டை. முட்டை ஆகாதென்றால் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த தோசை. மதியம் சோற்றைப் பாதியாக்கி, மீனோ கோழியோ பனீரோ கெட்டிப் பருப்போ ஏதாவது ஒன்று நிஜமாகவே தட்டில் இருக்க வேண்டும். சாம்பாரில் மிதக்கும் நாலு பருப்பைப் புரதம் என்று கணக்கு எழுதுகிறவர்கள் நம் ஊரில் அதிகம், கணக்குப் பிரிவில் இருக்கும் நீங்களாவது அப்படி எழுதாதீர்கள். முக்கியமானது சாயங்காலம் ஐந்து மணி. ஆபீஸை விட்டு இறங்கும் முன்பு, பசி வருவதற்கு முன்பு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் மோரும். டிபன் பாக்ஸில் தனி அடுக்கு. மெரினாவில் காகிதப் பொட்டலத்தில் தருவார்களே அந்தப் பட்டாணிச் சுண்டலும் சரிதான், மாங்காய் போட்டால் இன்னும் நல்லது. சிக்னலில் பஜ்ஜி வாசனை அப்போதும் வரும். ஆனால் வயிறு காலியாக இருக்காது.

நடை, எடை தூக்குவது இரண்டையும் ஈசிஜி பார்த்த பிறகு தொடங்குங்கள், அதுவரை ஜிம் வேண்டாம். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது கழித்துக் காபி குடியுங்கள். கூடவே காபி குடித்தால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. மதியத்துக்கு மேல் காபியே வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அம்மாவின் கள்ளிமுளையானுக்கு வருகிறேன். கரிசல் காட்டில் ஆடு மேய்க்கப் போகிறவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் அதை ஒடித்து மெல்வது பழைய வழக்கம். அம்மா சும்மா சொல்லவில்லை. அதன் சாற்றை மாத்திரையாக்கி 60 நாள் கொடுத்துப் பெங்களூரில் ஒரு சிறிய ஆய்வு நடந்து, 2007-இல் வெளியானது. இடுப்புச் சுற்றளவும் பசியும் சற்றுக் குறைந்தன. எடையில் நம்பிச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. எனவே புளியும் மிளகாயும் வைத்து அரைத்த துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். டப்பாவில் அடைத்து, 'பாரம்பரியப் பசியடக்கி' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அதற்குள்ளும் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

கடைசியாக உங்கள் நாத்தனார். கொடுக்கவே கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இந்த வகை மருந்துகள் நேரடி ஆபத்து. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபீனைல்புரோப்பனாலமின் என்ற பசியடக்கியைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னதற்குக் காரணமே, அதைப் போட்ட பெண்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்ததுதான். அவர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள், இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். அவருக்கு ஏற்கெனவே ஒன்றிரண்டு கொடுத்திருந்தால், கூச்சப்படாமல் அதை இன்றே அவரிடம் சொல்லி, பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

மிச்சமுள்ள கேப்ஸ்யூல்களைக் குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். டப்பாவை லேபிள் தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் காட்டிய பிறகு தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகாரோடு கொடுங்கள். மெட்ரோவில் போனால் ஏஜி-டிஎம்எஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். உங்களுக்கு வந்த பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது, மருந்து விளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் எண் அது. ஜிம்காரர் தெரிந்தவராயிற்றே என்று தயங்குவீர்கள். அவரிடம் அந்த டப்பாவை இன்னும் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். ஈசிஜி முடிவும் டிஎஸ்எச் அளவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.